எண்ணிவைத்த மாத்திரை அட்டைகள்

“மாத்திரையை ஒழுங்கா, முழுசா குடுத்தீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. கட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே காலி மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு மூன்று கட்டு. ஒவ்வொரு கட்டிலும் தேதி எழுதிய துண்டுச் சீட்டு. ஒரு குழியில்கூட மாத்திரை மிச்சமில்லை.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியப்பாவுக்கு ஐந்து மாதத்தில் அது நான்காவது காய்ச்சல். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கும். கோர்ஸ் முடிந்து பத்து நாள் நன்றாக இருப்பார். பிறகு மறுபடி குளிர், நடுக்கம், பிதற்றல். டாக்டர் டப்பாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், முன்னைவிடப் பெரிய ஊசி ஒன்றை எழுதினார். கட்டில் கம்பியில் சிறுநீர்ப் பை கலங்கலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையிலிருந்து பெரியப்பாவின் உடம்புக்குள் போகும் டியூபை யாரும் பார்க்கவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது வருடமாகப் பிழைக்கும் நானும்தான் பார்க்கவில்லை.

மருந்து எதிர்ப்பைப் பற்றி நம் ஊரில் புழங்கும் கதை ஒன்றுதான். நவம்பர் 18 முதல் 24 வரை விழிப்புணர்வு வாரம் என்று சுவரொட்டி ஒட்டுவார்கள், அதிலும் இதே கதைதான் இருக்கும். நோயாளிக்கு இரண்டே நாளில் உடம்பு தேவலையாகிவிடுகிறது. மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறார். அரைகுறையாக அடிவாங்கிய கிருமி மருந்தின் நெளிவுசுளிவைக் கற்றுக்கொண்டு பலசாலியாகத் திரும்பி வருகிறது. ஆக, குற்றவாளி நோயாளி. உடந்தை மெடிக்கல் ஷாப்காரர். பரிகாரம் ஒழுக்கம். அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் வீரியமான மருந்து.

இந்தக் கதையில் பாதி பொய் என்கிறேன். அந்தப் பாதி நிரபராதியைக் கூண்டில் ஏற்றுகிறது. போதாததற்கு, எந்த எதிர்ப்பைத் தடுக்கப் புறப்பட்டோமோ அதையே வளர்த்தும் விடுகிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் சீட்டில்லாமல் அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவது தவறு. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்காக அல்ல. காசநோய்க்காரர் ஆறு மாத மருந்தில் ஒரு நாளையும் விடக்கூடாது. வேறு நோய் எதுவானாலும் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். என் சண்டை மாத்திரையோடு இல்லை. தோல்வி வரும்போதெல்லாம் “நீ ஒழுங்காகச் சாப்பிட்டாயா” என்ற ஒரே கேள்வியோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் சோம்பேறித்தனத்தோடுதான்.

கதை எங்கே பிறந்தது என்று பாருங்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரை ஆற்றும்போது ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொன்னார். கணவனுக்குத் தொண்டைவலி. தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறான். தொண்டையிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி, மருந்து கேட்காமல் அவள் இறந்துபோகிறாள். நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் தொண்டைவலி தரும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 80 ஆண்டுகள் கழித்தும் பெனிசிலினுக்கு அடங்கித்தான் கிடக்கிறது. எச்சரிக்கைக்குத் தேர்ந்தெடுத்த வில்லன் வேடத்துக்கே வரவில்லை. 2017இல் மார்ட்டின் லெவெலினும் அவர் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வளரும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை என்றும், தேவைக்கு மேல் நீளும் மருந்துதான் எதிர்ப்பை வளர்க்கிறது என்றும் எழுதினார்கள். நம் சுவரொட்டி மாறவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயனை முதல் ஆசிரியராகக் கொண்ட குழு, என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழ் வழியே உலகுக்குச் சொன்னது. மறு வருடமே டெல்லியின் தெருவோரத் தேங்குநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அதே மரபணு அகப்பட்டது. குழாய்த் தண்ணீர் எந்தக் கோர்ஸைப் பாதியில் நிறுத்தியது?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பிழையில் எங்கள் மேசைக்கும் பங்குண்டு. சிறுநீரோ சீழோ வந்தால் தட்டில் கோடிழுத்து வளர்ப்போம். மறுநாள் காலை முளைத்திருக்கும் கிருமித் திட்டு ஒன்றை லூப்பால் தொட்டெடுத்து, உப்புநீரில் போட்டுத் தனித்தனியாகக் கலைப்போம். நீர் இன்ன அளவு மங்கலாக வேண்டும் என்று கணக்கு. அதைப் புதுத் தட்டில் சீராகப் பூசி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்து, ஓர் இரவு சூட்டில் விட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் தெரியும். ஸ்கேலால் அளந்து, வட்டம் பெரிதென்றால் ‘எஸ்’, சிறிதென்றால் ‘ஆர்’. கிருமி மருந்துக்கு மசியும், மசியாது என்று அர்த்தம்.

நல்ல சோதனைதான். பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நாங்கள் சோதிப்பது யாரை? கூட்டத்திலிருந்து பிரித்து, புதுச் சாப்பாடு போட்டு, பெருகத் துடித்துக்கொண்டிருக்கும் கிருமியை. பெரியப்பாவின் டியூபுக்குள் அது அப்படி இருக்கவில்லை. சுவரில் ஒட்டி, தானே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காக, பாதி தூக்கத்தில் இருந்தது. நாங்கள் கொடுத்த ‘எஸ்’ பொய் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். கேள்விதான் வேறொருவரைப் பற்றியது.

அந்தப் பசைக் குடியிருப்புக்குப் பெயர் பயோஃபிலிம், தமிழில் நுண்ணுயிர்ப் படலம். பெயர்தான் புதிது. நாலு நாள் தண்ணீர் மாற்றாத குடத்தின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று வரும். அதை நீக்க யாரும் குடத்தில் மருந்து கலப்பதில்லை. தேங்காய்நாரையும் புளியையும் வைத்துத் தேய்ப்போம். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துவைத்தால் மறுநாளே பழைய கதை என்று குடம் துலக்கும் எவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இந்த அறிவை வாசலில் செருப்போடு விட்டுவிடுகிறோம்.

அறிவியலிலும் இது பழைய செய்தி. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் 1680களில் தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளைக் காரையைக் கண்ணாடி வில்லையில் பார்த்து, குட்டி உயிர்கள் ஓடுவதைக் கண்டார். பிறகு கடும் வினிகரால் வாயைக் கொப்பளித்தார். மறுபடி சுரண்டிப் பார்த்தால் உயிர்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. வினிகர் காரையின் வெளிப்புறத்து உயிர்களை மட்டுமே கொல்கிறது, உள்ளே போகவில்லை என்று எழுதிவைத்தார். மருந்து எதிர்ப்பில் படலத்தின் பங்கைப் பற்றிய முதல் குறிப்பு இதுதான் என்பேன். அதன்பின் ராபர்ட் கோக் காலத்தில் ஒரு கிருமியைத் தனியே பிரித்து வளர்க்கும் வித்தை கைவந்தது. காலரா, காசநோய் எல்லாம் பிடிபட்டன. அந்த வெற்றியின் வெளிச்சத்தில் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்தது. 1978இல் கனடாவின் பில் காஸ்டர்டன் ‘கிருமிகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன’ என்று எழுதித்தான் அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, நீந்தும் கிருமிக்குத் தேவைப்படுவதைப்போல் ஆயிரம் மடங்கு மருந்துகூட வேண்டியிருக்கலாம். அவ்வளவு மருந்தை மனிதருக்குள் ஏற்றினால் முதலில் போவது சிறுநீரகம்.

ஏன் இந்த ஆயிரம் மடங்கு? “பசை ஒரு கோட்டைச் சுவர், மருந்து உள்ளே நுழைய முடியாது” என்று கட்டுரைகளில் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். இதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. லேவன்ஹுக்கின் வினிகர் அப்படி நினைக்க வைக்கும்தான். ஆனால் 2000ஆம் ஆண்டு ஆண்டர்ல், ஃபிராங்க்ளின், ஸ்டுவர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கிளெப்சியெல்லா என்ற கிருமியின் படலத்தில் இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். சிப்ரோஃபிளாக்சசின் படலத்தைத் தாராளமாகக் கடந்து மறுபக்கம் வந்தது. ஆம்பிசிலின் வரவில்லை, காரணம் கிருமி சுரக்கும் நொதி அதை வழியிலேயே அறுத்துவிட்டது. அந்த நொதி இல்லாத கிருமியை வளர்த்துப் பார்த்தபோது ஆம்பிசிலினும் உள்ளே போனது. அப்படிப் போயும் கிருமிகள் சாகவில்லை. சுவர் திறந்திருந்தும் வீட்டில் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

காரணம் தூக்கம். படலத்தின் மேலடுக்கு பிராணவாயுவையும் உணவையும் தின்று தீர்த்துவிடுகிறது. அடியில் இருப்பவை பட்டினி கிடந்து, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகின்றன. நம் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை கிருமி வேலை செய்யும்போதுதான் கொல்லும். பெனிசிலின் வகை, புதுச் சுவர் கட்டும் கிருமியின் கட்டுமானத்தைக் கெடுக்கும். கட்டாதவனை என்ன செய்யும்? ஜென்டாமைசின் வகை உள்ளே நுழையவே கிருமி சுறுசுறுப்பாக மூச்சுவிட வேண்டும். இவை போக, செத்த கிருமிகளிலிருந்து சிதறிய டிஎன்ஏ இழைகள் படலத்தில் பின்னிக்கிடந்து அந்த மருந்தை ஒட்டிப் பிடித்துவைக்கின்றன.

இந்தத் தூங்குமூஞ்சிகளை முதலில் எண்ணியவர் அயர்லாந்தின் ஜோசப் பிக்கர், 1944இல். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியை எவ்வளவு பெனிசிலினில் ஊறவைத்தாலும் பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் சில பிழைத்தன. அவற்றை வளர்த்து மறுபடி மருந்து விட்டால் பிள்ளைகள் எல்லாம் பழையபடி செத்தன, மறுபடி சில மட்டும் மிஞ்சின. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. நம் மொழியில் இவற்றுக்கு அருமையான பெயர் ஏற்கனவே இருக்கிறது: விடாக்கண்டர்கள். பெரியம்மா அட்டையை முழுக்கக் காலி செய்தும் பெரியப்பாவுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்ததற்கு இவர்களே காரணம் என்று நினைக்கிறேன். மருந்து, சிறுநீரில் நீந்தியவற்றைக் கொன்றது, காய்ச்சல் இறங்கியது. டியூபின் சுவரில் தூங்கியவை மருந்து நின்றதும் எழுந்து, பெருகி, நீந்தப் புறப்பட்டன. கோர்ஸ் பத்து நாளானாலும் இருபது நாளானாலும் இது மாறாது.

இங்கே படித்த நண்பர்கள் ஒரு வாதத்தோடு வருவார்கள். அதை அலட்சியப்படுத்த முடியாது. “நீ சொல்வது தாங்குதிறன். எதிர்ப்பு என்பது மரபணுவில் எழுதப்பட்டு, பிள்ளைக்குப் போவது. இரண்டையும் குழப்பாதே. டியூபில் தூங்கும் கிருமி நாட்டுக்கு ஆபத்து இல்லை, அந்த நோயாளிக்கு மட்டும் தொல்லை.” பாடப்புத்தகப்படி சரி. ஆனால் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள், நடுவில் வேலி கிடையாது.

2017இல் ஜெருசலேமில் நதாலி பலபானின் குழு ஈ. கோலை கிருமியை ஆம்பிசிலினில் தினமும் சில மணி நேரம் முக்கி எடுத்தது, நாம் வேளைக்கு வேளை மருந்து கொடுப்பதுபோல. முதலில் வந்தது தாங்குதிறன். அதன்பிறகுதான், அதன் தோளில் ஏறிக்கொண்டு, உண்மையான எதிர்ப்பு வந்தது. சாகாமல் காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் புதிய வித்தை கற்க நேரம் கிடைக்கிறது. அது கண்ணாடிக் குடுவையில் நடந்தது, படலத்தில் இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அப்படியானால் மனித உடம்புக்கே போவோம்.

ஜூன் 2002, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ், காலில் ஆறாத புண் என்று நாற்பது வயதில் ஒருவர். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பலமுறை ஏற்றப்பட்டவர். அவருடைய டயாலிசிஸ் டியூப் செருகிய இடத்திலும், கழற்றிய டியூபின் முனையிலும் வளர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் வான்கோமைசினுக்கு முழுக்க எதிர்ப்புக் காட்டியது. மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகப் பயந்துகொண்டிருந்த கிருமி அது. அந்த வித்தை அதற்கு எப்படிக் கிடைத்தது? கால் புண்ணைச் சோதித்தபோது அதே ஸ்டாஃபிலோகாக்கஸோடு, வான்கோமைசின் எதிர்ப்புள்ள என்டிரோகாக்கஸும் கிளெப்சியெல்லாவும் ஒன்றாகக் குடியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரனிடம் மரபணுவை வாங்கிக்கொண்டது. 2004இல் நியூயார்க்கில் இன்னொரு நோயாளி: சிறுநீரகத்தில் செருகிய குழாயில் அதே வகை ஸ்டாஃபிலோகாக்கஸ், என்டிரோகாக்கஸ், வேறு சில இனங்கள், எல்லாம் ஒரே படலத்தில். தோளோடு தோள் ஒட்டி நகராமல் கிடப்பவை மரபணுவைக் கைமாற்றுவது சுலபம். நீந்திக்கொண்டிருப்பவற்றுக்கு அவ்வளவு சுலபமில்லை.

மிச்சிகன் கதையின் முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. டியூபைக் கழற்றிய ஒரு வாரத்தில் செருகிய இடம் ஆறிவிட்டது. கால் புண்ணுக்குச் சுரண்டல், சுத்தம், கட்டு என்று கடுமையான பராமரிப்பு. கூடவே கோட்ரைமாக்சசோல், அதாவது நம் மெடிக்கல் ஷாப்பில் செப்ட்ரான் என்று கேட்டு வாங்கும் பழைய மருந்து. அதற்குக் கிருமி மசிந்தது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறேன். “எந்த மருந்து?” என்பதற்கு முன்னால் “எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?” என்று கேட்க வேண்டும். சிறுநீர் டியூப் போட்டவருக்கு நாள் ஒன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் என்ற அளவில் கிருமி குடியேறும். முப்பது நாளில் அநேகமாக எல்லோருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அந்தக் கிருமிக்காக மருந்தே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2009இலேயே சொல்லிவிட்டது. காய்ச்சல் இருந்து, டியூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால், முதலில் டியூபை மாற்று, புது டியூபிலிருந்து மாதிரி எடு, பிறகு மருந்து கொடு என்பதும் அதே வழிகாட்டிதான். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகள் எப்படி வருகின்றன தெரியுமா? பையின் அடித் திருகைத் திறந்து பிடித்த சிறுநீர். அதில் நான்கு கிருமி வளரும். நான்கையும் எழுதுவோம். நான்குக்கும் சேர்த்து மெரோபெனம் என்ற வீரியமான ஊசியை எழுதுவார்கள். ஒரு நாள் மெரோபெனத்துக்கு ஆகும் காசில் டியூப் பல வாங்கலாம்.

கால் புண்ணிலும் இதே கதை. 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு, ஆறாத புண்கள் 50இல் 30இல் படலத்தைக் கண்டது. புதுப் புண்கள் 16இல் ஒன்றில் மட்டும். படலத்தைச் சுரண்டி எடுக்கும் பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டு மாத்திரையை நீட்டிக்கொண்டே போகிறோம். மருந்துக்கு இங்கே வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பில் பொருத்திய உலோகத்தில் தொற்று வந்தபோது, அந்த இடத்தைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு, சிப்ரோஃபிளாக்சசினோடு ரிஃபாம்பிசினும் சேர்த்துக் கொடுத்த சுவிட்சர்லாந்து ஆய்வில் (1998) சிகிச்சையை முடித்த 12 பேரில் 12 பேரும் தேறினார்கள். ரிஃபாம்பிசின் இல்லாமல் 12இல் 7. தூங்கும் கிருமியையும் தொடத் தெரிந்த மருந்து அது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: கத்தி முதலில், மருந்து பிறகு.

பழைய கதை ஏன் இவ்வளவு தெம்பாக உயிரோடிருக்கிறது என்று யோசித்ததுண்டு. அது எல்லோருக்கும் வசதி. நோயாளியைத் திட்டினால் வார்டில் ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேச வேண்டாம். இரவில் நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் இருக்கும் இடத்தில் டியூப் தேதியை யார் பார்ப்பது? டியூபை எடுத்துவிட்டால் இரண்டு மணிக்கொரு முறை பெட்பேன் வைக்க ஆள் வேண்டும். ஊசி போட ஐந்து நிமிடம் போதும்.

பெரியப்பாவின் டியூபை மாற்றியது அந்த நான்காவது காய்ச்சலின்போது, வார்டில் புதிதாகப் பணிக்கு வந்த ஒரு சிஸ்டர். “இது எப்ப போட்டது பெரியம்மா?” என்று கேட்டார். யாருக்கும் தேதி தெரியவில்லை. ஒன்றரை மாதத்துக்குக் குறையாது என்று அண்ணன் சொன்னான். கழற்றிய டியூபை நான் கேட்டு வாங்கிப் போய் ஆய்வகத்தில் நீளவாக்கில் கீறினேன். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியுமே, அந்த வெள்ளை உப்பு. பிளேடு பட்டதும் நறநறவென்று உதிர்ந்தது. உள்ளே நீர் போவதற்கு ஒரு பென்சில் முனை அளவுதான் வழி மிச்சமிருந்தது. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும். கால்சியமும் மெக்னீசியமும் படிகமாகிப் படலத்தோடு சேர்ந்து கெட்டிப்படும். மாதிரியை வளர்த்தால் வந்தது புரோட்டியஸ்தான். வில்லை வைத்துப் பார்த்தேன். முதல் காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரைக்கு இப்போது ‘ஆர்’. முதல் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் புரோட்டியஸ், அன்று அதே மாத்திரைக்கு ‘எஸ்’. இடையில் பெரியம்மா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

வீட்டிலோ வார்டிலோ உங்கள் ஆள் யாராவது டியூபோடு படுத்திருந்தால், அது போட்ட தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்து டாக்டர் சீட்டெழுதப் பேனாவை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: “இந்த டியூப் இன்னும் வேணுமா டாக்டர்? வேணும்னா மாத்திட்டு டெஸ்ட்டுக்கு எடுக்கலாமா?”